அம்மா முதலில் கற்றுக்கொள்ளட்டும்!

"எங்க பொண்ணுக்குப் பாட்டு சுட்டுப் போட்டாலும் வராதுங்க. அப்படியே அவ அப்பா!"

இப்படிச் சொல்லும் தாயிடம், "பேச்சு எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுவா? வாய் ஓயறதே இல்லை!" என்பார். மூன்று வயதில் சரளமாகப் பேசும் குழந்தைக்கு இலக்கணப் பாடம் யார் நடத்தினார்கள்? வீட்டில் எல்லோரும் பேசினார்கள். கேட்டுக் கேட்டே பேச்சு வந்துவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சின்ன விஷயத்தை வைத்துக் குழந்தைகளுக்கு வயலின் கற்பித்தவர் ஜப்பானைச் சேர்ந்த ஷினிச்சி சுசுகி.

1898-இல் நகோயாவில் பிறந்தவர். அப்பாவுக்குச் சொந்தமாக வயலின் தொழிற்சாலையே இருந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு வயலின் வெறும் விளையாட்டுச் சாமான். சண்டை வந்தால் அதாலேயே அடித்துக்கொள்வார்களாம்! பதினேழு வயதில் மிஷா எல்மன் என்ற மேதையின் இசைத்தட்டைக் கேட்டதும் சுசுகி சொக்கிப் போனார். ஒரு வயலினை வீட்டுக்கு எடுத்து வந்து, இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தானாகவே வாசித்துப் பழகினார்.

1921-இல் ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் கார்ல் கிளிங்லரிடம் பயின்றார். அங்கே பெரிய வித்வான்களைக் கேட்டு, 'நமக்குத் திறமையே கிடையாதோ' என்று மனம் ஒடிந்ததும் உண்டு. 1928-இல் வால்ட்ரவுட் என்ற ஜெர்மன் பெண்ணை மணந்தார். பிறகு ஜப்பானுக்குத் திரும்பி, தம்பிமாரோடு கச்சேரிகள் செய்தார். இளைஞர்களுக்குப் பாடமும் நடத்தினார்.

ஒருநாள் ஒரு தகப்பனார் தம் நாலு வயது மகனோடு வந்து நின்றார். இத்தனை சின்னப் பிள்ளைக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது? யோசித்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. ஜப்பானியக் குழந்தைகள் எல்லாருமே ஜப்பானிய மொழி பேசுகிறார்களே! அந்த நாலு வயதுப் பையன்தான் பின்னாளில் புகழ்பெற்ற வயலின் கலைஞர் டோஷியா எட்டோ.

அவர் காட்டிய வழி

போருக்குப் பின், 1946-இல் மட்சுமோட்டோ நகரில் பள்ளி தொடங்கியது. முறை இதுதான்:

1. முதல் பாடம் அம்மாவுக்கு! அவர் ஒரு மெட்டை வாசிக்கக் கற்பார். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை, "எனக்கும் கொடு" என்று தானே கை நீட்டும்.

2. கற்க வேண்டிய பாட்டு இசைத்தட்டில் தினமும் வீட்டில் ஒலிக்கும். குழந்தை விளையாடிக்கொண்டே கேட்கும்.

3. குழந்தையின் கைக்கு ஏற்ற குட்டி வயலின். பயிற்சி கொஞ்ச நேரம்தான். ஆனால் தினமும் உண்டு.

4. புதுப் பாட்டு வந்தாலும் பழையதை விடுவதில்லை. பேச்சில் பழைய வார்த்தைகளை மறந்துவிடுகிறோமா என்ன?

5. ஸ்வரக் குறிப்புப் படிப்பது பிறகு. பேசிய பின்தானே அ, ஆ எழுதுகிறோம்!

1955-இல் டோக்கியோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்து வாசித்தார்கள். 1964-இல் அமெரிக்கா சென்ற பத்துக் குழந்தைகளின் வாசிப்பைக் கேட்டு அங்குள்ள ஆசிரியர்கள் அசந்து போனார்கள். இன்று பல நாடுகளில் இந்த முறை நடக்கிறது.

திட்டாமல் திருத்தியது

சுசுகியிடம் சின்ன வயதில் பயின்ற கோஜி டோயோடா, போர்க்காலத்தில் பெற்றோரை இழந்தான். சுசுகி அவனைத் தேடிக் கண்டுபிடித்துத் தம் வீட்டோடு வைத்துக்கொண்டார். உறவினரின் மதுக்கடையில் வேலை செய்து வளர்ந்த பையன். நடத்தை முரட்டுத்தனமாக இருந்தது. 'அவனைத் திட்ட வேண்டாம், நாம் எல்லோரும் நம் பேச்சையும் நடத்தையையும் சீராக வைத்துக்கொள்வோம்' என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டார் சுசுகி. பையன் கொஞ்சம் கொஞ்சமாக மாறினான். பின்னாளில் பெர்லின் வானொலி இசைக்குழுவில் முதல் வயலின் கலைஞராக அமர்ந்தான்!

எல்லாரையும் வித்வான் ஆக்குவது சுசுகியின் நோக்கமில்லை. நல்ல மனசுள்ள மனிதராக வளர வேண்டும், அதற்கு இசை ஒரு வழி என்பார். 1998-இல், தொண்ணூற்றொன்பதாம் வயதில் காலமானார்.

பாட்டோ, கோலமோ, கணக்கோ... "இவளுக்கு வராது" என்று முத்திரை குத்துமுன் யோசியுங்கள், தாய்மார்களே! அந்தச் சத்தம் நம் வீட்டில் தினமும் கேட்கிறதா? நாம் ஆசையோடு செய்வதைக் குழந்தை பார்க்கிறதா? பரிசு வாங்கவும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை முந்தவும் விரட்டினால் குழந்தைக்கு வெறுப்புத்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து நாமும் கற்றுக்கொண்டால், அதுவாகவே கை நீட்டும்.