குழந்தைக்கும் பத்துக் குப்பி

காய்ச்சல் சிரப்போ ஆன்டிபயாட்டிக்கோ, குழந்தைக்கு எதைக் கொடுப்பதானாலும் முதலில் எடையைக் கேட்பார்கள். பாம்புக்கடி என்றால் மட்டும் அந்தக் கேள்விக்கு வேலையில்லை. கண்ணாடி விரியன் கடித்தது பத்து கிலோ குழந்தையையா எழுபது கிலோ விவசாயியையா என்று பார்க்காமல், விஷம் ஏறியதற்கான அறிகுறி தெரிந்ததும் ஏ.எஸ்.வி. என்ற பாம்பு விஷமுறிவு மருந்தைப் பத்துக் குப்பி ஏற்றத் தொடங்குவார்கள். புதிதாகப் பணிக்கு வந்த டாக்டருக்குக் கை தயங்கும், தயங்கக் கூடாது. மருந்து மோதப்போவது உள்ளே இறங்கிவிட்ட விஷத்தோடுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் கூட்டிக் குறைப்பதில்லை. சொல்லப்போனால், அதே விஷம் சின்ன உடம்பில் இன்னும் அடர்த்தியாக நிற்கும்.

பத்து என்ற எண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணாடி விரியன் ஒரு கடியில் இறக்கும் விஷம் சராசரியாக 63 மில்லிகிராம் என்று இந்திய சிகிச்சை நெறிமுறை எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் ஏ.எஸ்.வி. ஒரு மில்லி லிட்டர், அந்த விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். குப்பிக்குப் பத்து மில்லி, ஆக 6 மில்லிகிராம். பத்துக் குப்பிக்கு 60. ஆனால் சராசரி என்பது காகிதத்தில் இருப்பது. ஒரு கடி 5 மில்லிகிராமோடு நிற்கலாம், இன்னொன்று 147 வரை போகலாம். எவ்வளவு இறங்கியது என்பது பாம்புக்கே தெரியுமோ என்னவோ, டாக்டருக்குத் தெரியாது. போட்ட மருந்து போதுமா, இன்னும் வேண்டுமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கான பரிசோதனை, பல லட்ச ரூபாய்க் கருவிகளுக்கு நடுவில், ஒரு கண்ணாடிக் குழாய். நோயாளியின் நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, படுக்கையருகிலேயே நிறுத்திவைக்க வேண்டும். இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது, ஆட்டிப் பார்க்கக்கூடாது. நேரம் முடிந்ததும் ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். கட்டியாக அப்படியே நின்றால் ரத்தம் உறைகிறது. தண்ணீர்போல் ஓடிவந்தால், விரியன் விஷம் வேலையைக் காட்டிவிட்டது.

குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் விஷயம் இருக்கிறது. கண்ணாடிப் பரப்பைத் தொட்டதும் ரத்தத்தில் பன்னிரண்டாம் காரணி என்ற புரதம் விழித்துக்கொண்டு உறைதலைத் தொடங்கிவைக்கும். பிளாஸ்டிக் அப்படித் தூண்டாது. சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயும் தூண்டாமல் போகலாம். அப்போது நல்ல ரத்தமும் உறையாமல் நின்று, தேவையில்லாதவருக்கு மருந்து ஏறிவிடும். மருத்துவமனைகளில் எல்லாமே பிளாஸ்டிக்காகிவிட்ட காலத்தில் ஒரு பெட்டி கண்ணாடிக் குழாயை எடுத்துவைப்பது ஸ்டோர் பொறுப்பாளரின் சாமர்த்தியம்.

கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை நீர்த்துப்போக வைக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உள்ளே நடப்பது நேர் எதிர். பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் நேரடியாக முடுக்கிவிடும் நொதிகள் அந்த விஷத்தில் இருக்கின்றன. காயமே இல்லாத இடங்களிலும் ரத்தம் உறையத் தொடங்குகிறது. ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கைவசமிருந்தது முழுவதும் அதிலேயே தீர்ந்துபோகிறது. பிறகு ஈறு கசியும்போது அடைக்க ஒன்றுமிருக்காது. இந்த விஷத்தின் உறைய வைக்கும் வேகத்தைப் பயன்படுத்தி, 1934இல் லண்டனில் மக்ஃபார்லேன் என்ற மருத்துவரும் அங்கிருந்த விலங்குக் காட்சியகத்தின் ஊர்வனப் பிரிவைக் கவனித்த பார்னெட்டும், ஹீமோஃபிலியா நோயாளிகளின் காயத்தில் நீர்த்த விரியன் விஷத்தை வைத்து ரத்தப்போக்கை நிறுத்தினார்கள். இன்றும் லூபஸ் எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை ஒன்றில் இதே விஷத்தைத்தான் ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன.

ஏ.எஸ்.வி. ஏறியதும் ரத்தம் உடனே சரியாகிவிடாது. தீர்ந்துபோன காரணிகளைக் கல்லீரல் மறுபடி செய்தாக வேண்டும். அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். அதனால் அடுத்த குழாயும் ஆறு மணி நேரம் கழித்துத்தான். இடையில் பதறி மருந்தைக் கூட்டுவதில் பயனில்லை.

கட்டு விரியன் வேறு ரகம். அதன் விஷம் தாக்குவது நரம்பை, அதனால் அதன் கடிக்கு இந்தக் குழாய் உதவாது. இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார், கொஞ்ச நேரத்தில் இமை சரியும். நல்ல பாம்பின் விஷம் தசையில் செய்தி வாங்கும் இடத்தை அடைத்து நிற்பது. நியோஸ்டிக்மின் ஊசி அங்கே கைகொடுக்கும். கட்டு விரியன் விஷமோ செய்தி அனுப்பும் நரம்பு நுனியையே சிதைத்துவிடுகிறது. சிதைந்த பிறகு ஏ.எஸ்.வி.யால் அதைத் திருப்ப முடியாது. நுனி தானாக வளரும்வரை வென்டிலேட்டர்தான். இந்த நிலையில் கண்ணின் பாப்பா வெளிச்சத்துக்கு அசையாது, கிள்ளினாலும் அசைவு இருக்காது. மூளைச்சாவு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உள்ளே நினைவு தெளிவாக இருக்கலாம், படுக்கையருகில் பேசுவது காதில் விழலாம். சில நாள் பொறுத்து எழுந்து நடந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

இந்திய ஏ.எஸ்.வி.க்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியிலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. ரப்பர் விரித்துக் கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பைப் பாம்பு கடிக்கும்; பல் ரப்பரைத் துளைத்ததும் விஷம் சொட்டும். சில வாரம் வைத்து விஷமெடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் நறுக்கி, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள்.

அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, எதிர்ப்பொருள் ஊறியதும் பிளாஸ்மாவை எடுத்துச் சுத்திகரிப்பதுதான் செய்முறை. ஆல்பர்ட் கால்மெட் 1890களில் தொடங்கிவைத்த அதே வழி. குதிரைப் புரதம் என்பதால் ஒவ்வாமை வரும். அட்ரினலின் ஊசியைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் ஏ.எஸ்.வி. போடுகிறார்கள். இதைவிடப் பெரிய சிக்கல், ஒரே இனப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் வேறுபடுவது. மேற்கு இந்தியாவின் சிந்து கட்டு விரியன் போன்ற வேறு இனங்களுக்கும் நம் மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழு 2019இல் காட்டியது. இலங்கையும் இந்திய மருந்தைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே பரவலாகக் கடிக்கும் குழிவிரியனுக்கு இதில் முறிவே இல்லை.

2025 ஜனவரியில், நோபல் பரிசு பெற்ற டேவிட் பேக்கரின் குழு நல்ல பாம்பு வகை நச்சைக் கவ்விப் பிடிக்கும் சிறு புரதங்களைக் கணினியிலேயே வடிவமைத்து எலிகளைக் காப்பாற்றியது. அதே ஆண்டு மே மாதம், பல ஆண்டுகள் தனக்குத் தானே விஷம் ஏற்றிக்கொண்ட டிம் ஃப்ரீட் என்ற அமெரிக்கரின் ரத்தத்திலிருந்து இரண்டு எதிர்ப்பொருள்களைப் பிரித்து, வரெஸ்பிளாடிப் என்ற மருந்தோடு கலந்து கொடுத்தார்கள். பரிசோதித்த 19 பாம்பினங்களில் 13இன் விஷத்திலிருந்து எலிகள் முழுமையாகத் தப்பின. எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து என்று செய்திகள் வந்தன. ஆனால் இரண்டு ஆய்வுகளிலும் கண்ணாடி விரியன் சேர்ந்த குடும்பம் இல்லை. நம் வயல்வெளியில் கண்ணாடி விரியனை விட்டுவிட்டு ஒரு மருந்தை எப்படிப் பொது மருந்து என்பது? வரெஸ்பிளாடிப்பை விழுங்கும் மருந்தாக அமெரிக்காவிலும் இந்தியாவிலும் மனிதர்களிடம் பரிசோதித்தபோது, எதிர்பார்த்த முதன்மை இலக்கை அது எட்டவில்லை. சீக்கிரம் கொடுக்கப்பட்டவர்களிடம் கொஞ்சம் பலன் தெரிந்தது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000. இது வீடு வீடாகப் போய் விசாரித்த ஆய்விலிருந்து மதிப்பிட்ட எண். மருத்துவமனைப் பதிவேட்டில் இவ்வளவு பேர் இல்லை. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கியது. இனி தனியார் மருத்துவமனைகளும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த மாவட்டத்தில் எந்தப் பாம்பு அதிகம் கடிக்கிறது, எங்கே பத்துக் குப்பி போதவில்லை என்பது இந்தப் பதிவுகள் சேரச் சேரத் தெரியவரும். எந்த ஊர் விஷத்தைக் குதிரைக்குப் போடுவது என்பதையும் அதை வைத்து முடிவு செய்யலாம்.