அன்னையின் பங்கு

பணி ஓய்வுக்குப் பின் கணக்குப் பாடம் என்னை விட்டு அகன்றது என்றிருந்தேன். எங்கள் தெரு மூதாட்டி ஒருவர் அதை மீண்டும் கொணர்ந்தார். மறைந்த மகனின் நிலம் தொடர்பாகப் பேரன் கைரேகை கேட்கும் பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். அது விடுதலைப் பத்திரம். தம் பங்கை அவர் பேரனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது.

"எனக்கேது பங்கு, வாத்தியார் ஐயா?" என்று வியந்தார்.

மாணவர்களே, இவ்வியப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாது இறப்பின், அவர் தாமே ஈட்டிய சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகியோரைச் சமமாகச் சேரும். தந்தையோ இரண்டாம் வகுப்பு வாரிசு. முதல் வகுப்பினருள் ஒருவர் இருப்பினும் அவருக்கு ஒன்றுமில்லை. எனக்கும் இது முதலில் புதிராகவே இருந்தது.

மூதாட்டியின் மகன் விட்டுச்சென்றது, அவரே உழைத்து வாங்கிய 10 ஏக்கர். மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் உளர். மூத்த மகன் முன்னரே இறந்துவிட்டான். அவனுக்கு மனைவியும் ஒரு குழந்தையும் உண்டு. ஆட்களை எண்ணி ஆறால் வகுத்தால் விடை பிழையாகும். இறந்த மகனின் கிளைக்கு ஒரு பங்கே. ஆகவே பங்குகள் ஐந்து. பங்குக்கு 2 ஏக்கர். அக்கிளையின் 2 ஏக்கரில் மருமகளுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று.

முன்னோர் வழிவந்த கூட்டுக் குடும்பச் சொத்தின் கணக்கு வேறு. அதில் மகளுக்குப் பிறப்புரிமை, அப்போது மணமாகாதிருந்தோர்க்குத் தமிழ்நாட்டில் 1989இலும், நாடெங்கும் 2005இலும் வந்தது. கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் தனி விதிகள் உண்டு.

பேரன் என் பழைய மாணவன். "பாட்டியை நாங்கள்தாமே பார்த்துக்கொள்கிறோம், ஐயா" என்றான். அது மெய்யே. ஆயினும் 2 ஏக்கர் என்பதை அவன் பாட்டியிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

மூதாட்டி சற்று நேரம் பேசவில்லை. பின், "அதை என் மகளுக்குக் கொடுக்கலாமா?" என்றார். மகளோ இறந்தவரின் உடன்பிறந்தாள். இரண்டாம் வகுப்பினள் ஆதலின், நேரே அவளுக்கு எதுவும் வாராது. 1956க்கு முன் பெண்ணுக்கு வாரிசுரிமையாக வந்த சொத்து பெரும்பாலும் ஆயுள்வரை அனுபவிக்க மட்டுமே. அச்சட்டம் அதை முழு உரிமையாக்கிற்று.

"தாராளமாகக் கொடுக்கலாம், அம்மா" என்றேன்.

பேரன் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.