மாடுகளின் தொகையா, தீவனமா? கிழக்கின் பண்ணையாளர் முன்னுள்ள கேள்வி

கிழக்கு மாகாணத்தில் பெரும்போகச் செய்கை ஆரம்பமாகும் வேளையில் மாட்டுப் பட்டிகள் வயல் நிலங்களிலிருந்து அப்புறப்படுத்தப்படுவது நெடுங்கால வழக்கமாகும். அறுவடை முடிந்ததும் அரிதாளை மேய்வதற்காக அவை மீண்டும் வயல்களுக்குத் திரும்புகின்றன. இடைப்பட்ட மாதங்களில் அவற்றை எங்கு மேய்ப்பது என்பதே பண்ணையாளர்களின் தீராத பிரச்சினையாக இருந்து வருகின்றது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளை முன்னிறுத்தி 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் ஆரம்பிக்கப்பட்ட போராட்டமும், அம்பாறை மாவட்டத்தின் வட்டமடுவில் மேய்ச்சலுக்கும் நெற்செய்கைக்கும் இடையே நிலவி வந்த பிணக்கும் இதன் வெளிப்பாடுகளே.

இவ்விவாதங்களில் எத்தனை ஏக்கர் நிலம், எத்தனை ஆயிரம் மாடுகள் என்ற கணக்குகளே பெரிதும் பேசப்படுகின்றன. அம்மாடுகள் உண்பது என்ன, அத்தீவனம் எவ்வளவு தூரம் கன்றாகவும் பாலாகவும் இறைச்சியாகவும் மாறுகின்றது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஆனால், மாட்டு மந்தைகளின் உற்பத்தித் திறன் குறித்து உலகெங்கும் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் இக்கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன.

இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகளில் கண்டறியப்பட்ட அடிப்படை உண்மை ஒன்றுண்டு. தாய்ப்பசு ஒன்று வருடத்தில் பெறும் தீவனச் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் அதன் உடலைப் பராமரிப்பதற்கே செலவாகின்றது. எஞ்சிய பகுதியே பாலாகவும் கருவாகவும் பயன் தருகின்றது. தீவனம் குறையும்போது உடல் முதலில் கைவிடுவது இனப்பெருக்கத்தையே. மெலிந்த பசு கன்று ஈன்ற பின்னர் பல மாதங்கள் வேட்கைக்கு வராதிருப்பதற்கு இதுவே காரணம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாட்களாகும். எனவே, வருடத்துக்கு ஒரு கன்று கிடைக்க வேண்டுமாயின் ஈன்று 80 நாட்களளவில் பசு மீண்டும் சினைப்பட வேண்டும்.

இதனை ஓர் எளிய கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். 100 பசுக்கள் உள்ள பட்டியில் ஒவ்வொரு பசுவும் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை ஈன்றால் வருடத்துக்கு 50 கன்றுகள் கிடைக்கும். நன்கு தீவனமிடப்பட்டு 15 மாதங்களுக்கு ஒருமுறை ஈனும் பசுக்களாயின், 63 பசுக்களிடமிருந்தே அத்தொகைக் கன்றுகளைப் பெற முடியும். மிகுதி 37 பசுக்கள் உண்பது முழுவதும் கன்றொன்றையும் கூடுதலாகத் தராத தீவனமாகும்.

வயிறு நிறைந்திருப்பதால் மாடு போசணை பெற்றுவிட்டதாகக் கருத முடியாது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகளே நார்த்தன்மையான புல்லையும் வைக்கோலையும் சமிபாடடையச் செய்கின்றன. அந்நுண்ணங்கிகள் பெருகுவதற்கு நைதரசன் அவசியம். தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே குறையும்போது அவற்றின் செயற்பாடு தளர்கின்றது. உண்டது செரிக்காமல் தங்குவதால் மாடு உண்ணும் அளவும் குறைகின்றது. வைக்கோலில் உள்ள புரதமோ சுமார் 4 சதவீதம் மட்டுமே. முற்றிய காய்ந்த புல்லின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

மழைக்காலமும் நீண்ட வரட்சியும் மாறி மாறி வரும் வட அவுஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் இப்பிரச்சினை விரிவாக ஆராயப்பட்டுள்ளது. வரண்ட மாதங்களில் யூரியா கலந்த நக்கு கட்டிகளை வழங்குதல், மண்ணில் பொசுபரசு குறைந்த இடங்களில் அதனை ஈடுசெய்தல், தாய் மெலிந்துவிடு முன் கன்றைப் பாலிலிருந்து பிரித்தல் ஆகியன அங்கு நடைமுறையிலுள்ளன. நம் நாட்டின் உலர் வலயத்துக்கும் இவை அந்நியமானவையல்ல.

இலங்கையிலும் 1980களில் வைக்கோல் தொடர்பில் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டன. 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் கரைத்து 100 கிலோ வைக்கோலின் மீது தெளித்து, காற்றுப் புகாது பொலித்தீனால் மூடி, 7 முதல் 10 நாட்கள் வரை வைத்திருப்பதே அம்முறை. யூரியாவிலிருந்து வெளிப்படும் அமோனியா வைக்கோலின் நாரை மென்மையாக்குகின்றது. புரதப் பெறுமானத்தையும் ஏறத்தாழ இரு மடங்காக்குகின்றது. ஆயினும், ஆறு மாதங்களுக்குக் குறைந்த கன்றுகளுக்கு இதனை வழங்கலாகாது. யூரியாவை நேரடியாக உண்ணும் மாடு நஞ்சேறி இறக்கக் கூடும் என்பதால் மிகுந்த அவதானம் தேவை.

பயன் நிரூபிக்கப்பட்டும் இம்முறை பரவலாகவில்லை. பச்சைப்புல் தாராளமாகக் கிடைக்கும் இடங்களில் செலவுக்கும் உழைப்புக்கும் ஏற்ற வருமானம் கிட்டவில்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் அதனைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடியும் யூரியா விலையைப் பன்மடங்காக்கின. எனவே, முழுப் பட்டிக்கும் வழங்காது, வரட்சி உச்சமடையும் வாரங்களில் சினைப்பசுக்களுக்கும் அண்மையில் ஈன்ற பசுக்களுக்கும் மாத்திரம் வழங்குவதே புத்திசாலித்தனமாகும். கன்றுகளின் தொகையைத் தீர்மானிப்பவை அவைதாம்.

உயர் இனக் கலப்பின் மூலம் இக்குறையைத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. பெரிய உடலமைப்பும் கூடிய பாலும் கொண்ட பசுவுக்குத் தீவனமும் கூடுதலாகவே தேவை. அது கிடைக்காதவிடத்து அப்பசு நாட்டுப் பசுவிலும் பிந்தியே சினைப்படும். தீவனத்தை உறுதிசெய்த பின்னரே இனவிருத்தி பயனளிக்கும்.

கிழக்கில் பட்டி வைத்திருப்போரிலும் வயல் செய்வோரிலும் தமிழரும் உள்ளனர், முஸ்லிம்களும் உள்ளனர். பாலுக்காக வளர்ப்பவரும் இறைச்சிக்காக நாம்பன்களை விற்பவரும் ஒரே தீவனத்தையே நம்பியிருக்கின்றனர். அறுவடையின் பின்னர் பல வயல்களில் வைக்கோல் எரியூட்டப்படுவதைக் காண்கின்றோம். அதே பிரதேசத்தில் சில மாதங்களின் பின்னர் மாடுகள் எலும்பும் தோலுமாக அலைகின்றன. வைக்கோலைச் சேமிப்பதும் அதற்கீடாக வயலுக்கு எருவைப் பெறுவதும் இரு தரப்பினரும் தமக்குள் செய்துகொள்ளக்கூடிய உடன்பாடுகளாகும்.

எனினும், வைக்கோல் உண்டுதானே, மேய்ச்சல் தரை எதற்கு என்று எவரும் இதற்குப் பொருள்கொள்ளலாகாது. பெரும்போக மாதங்களில் வயல்கள் பயிருக்குரியவை. மாரி மழையில் தளிர்க்கும் புல்லே மெலிந்த பசுவின் உடலைத் தேற்றி அதனை மீண்டும் சினைப்பட வைக்கின்றது. வைக்கோல் கோடைக்குத் துணையாகலாம். மாரிக்கால மேய்ச்சலுக்கு ஈடாகாது. மேய்ச்சல் தரைகள் எல்லையிடப்பட்டு வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் இங்குதான் தங்கியுள்ளது. அத்தோடு, கிடைக்கும் நிலம் தாங்கக்கூடிய அளவுக்குப் பட்டியைப் பேணுவதும், உள்ள மாடுகளுக்கு ஒழுங்காகத் தீவனமிடுவதும் பண்ணையாளர் ஏற்க வேண்டிய பொறுப்பாகும். இவ்விரண்டில் ஒன்று தவறினும் பட்டியில் மாடுகள் நிறைந்திருக்கும், கன்றுகள் இரா.