துப்பாக்கிக் குழலுக்குள் பார்க்கும் கருவி

கணக்காளனுக்குத் துப்பாக்கியோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் பேச வந்தது செலவைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும்தான்.

நமது மாநிலத்தின் லித்கோ தொழிற்சாலை 1912இல் திறக்கப்பட்டது. அங்கே செய்த .303 ரைபிள்கள் இன்றும் உரிமம் உள்ளவர்களிடையே கைமாறுகின்றன. வெளியே பளபளக்கும் ரைபிளின் குழலுக்குள் துரு தின்றிருக்கலாம். அதைக் காட்டும் கருவியே போர்ஸ்கோப்.

வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, தடிப்பு. .303 குழலின் உள்விட்டம் சுமார் 7.7 மில்லிமீற்றர்; .22இல் 5.6 மட்டுமே. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கருவி இரண்டுக்கும் உதவும்.

இரண்டாவது, பக்கக் கண்ணாடி. நேரே பார்க்கும் கமெரா சுரங்கத்தையே காட்டும். சுவரிலுள்ள சுருள் வரிகளைப் பார்க்கச் சாய்ந்த கண்ணாடி வேண்டும்.

மூன்றாவது, குவியத்தூரம். கழிவுநீர்க் குழாய் பார்க்கும் மலிவான கமெராக்கள் பெரும்பாலும் சில சென்ரிமீற்றருக்கு அப்பால்தான் தெளியும். இங்கே சுவர் சில மில்லிமீற்றரில் இருக்கிறது. பெட்டியில் எழுதிய பிக்சல் கணக்கு இதற்குப் பிறகுதான்.

முதலில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி, குழலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். சிறு கீறலும் பூதாகாரமாய்த் தெரியும். அதற்காகக் குழலை மாற்றிக் காசைக் கரியாக்க வேண்டாம். ஆனால் வீக்கமோ வெடிப்போ அடைப்போ தெரிந்தால், துப்பாக்கித் திருத்துநரிடம் காட்டாமல் ஒரு தோட்டாவும் சுடாதீர்கள். அடைபட்ட குழல் வெடித்தால் போவது கையும் கண்ணும்.