புதிய விதையும் பாராளுமன்ற நடைமுறையும்

மரபணு மாற்றிய விதையை நாட்டில் பயிரிடலாமா என்று கேட்டால், நன்மையைச் சொல்வோரும் தீமையைச் சொல்வோரும் உடனே முன்வருவர். ஆனால் அதற்கு முன் எழவேண்டிய வினா ஒன்று உண்டு. இதனை எச்சபையில், எம்முறையில் ஆராய்ந்து முடிவு காண்பது என்பதே அது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழ்வோர்க்கு இவ்வினா மிகவும் முக்கியமானது.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது இத்தீவுகளின் நெல் வயல்களில் கடல் நீர் புகுந்தது. உப்பைத் தாங்கி விளையும் பயிர் இங்கு வெறும் ஆராய்ச்சிப் பொருளன்று; உழவனின் தேவை. மற்றொரு புறம், சிறிய அந்தமான் காட்டில் கண்டறியப்பட்ட காட்டு வாழை இனம் ஒன்றைத் தாவர இயலார் 2014இல் புதிய இனமாக வெளியிட்டனர். இத்தகைய அரிய செடி கொடிகளுக்கு ஊறு நேராமல் காப்பதும் கடமையாகும்.

விவசாயம் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. மரபணு மாற்றிய பயிரை வயலில் சோதிப்பதற்கு மாநில அரசின் சம்மதம் வேண்டும் என்ற ஏற்பாடு 2011இல் வந்தது. சட்டசபை உள்ள மாநிலத்தில் அச்சம்மதத்தைப் பற்றி மந்திரியைச் சபையிலே வினவலாம். தீவுகளிலோ சட்டசபை இல்லை. ராஜ்ய சபையிலும் இடம் இல்லை. லோக் சபையில் உள்ள ஓர் அங்கத்தினரே மக்களின் குரல். அவரும் 1967க்கு முன்பு ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டவரே. அவ்வாண்டிலிருந்துதான் மக்கள் அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

அவ்வங்கத்தினர் சபையில் ஒரு பிரேரணை கொண்டுவர விரும்பினால், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்துச் சபாநாயகரின் அனுமதி பெறவேண்டும். பிரேரணை திட்டவட்டமான ஒரே விஷயத்தைப் பற்றியதாகவும், அண்மையில் நிகழ்ந்ததைப் பற்றியதாகவும் இருத்தல் வேண்டும். அதில் வாதமோ குத்தல் மொழியோ கூடாது. கோர்ட்டின் விசாரணையில் உள்ள விஷயமாகவும் இருத்தலாகாது. மரபணுப் பயிர் பற்றிய வழக்குகளோ 2004 முதல் சுப்ரீம் கோர்ட்டில் இருந்து வருகின்றன. ஆகவே இவ்விதி பெருந்தடையாகக்கூடும்.

மற்றொரு வழி, நிலைக்குழுவின் ஆராய்ச்சி. விவசாய நிலைக்குழுவில் லோக் சபையினர் 21 பேர், ராஜ்ய சபையினர் 10 பேர், ஆக 31 பேர் அமர்வர். குழு கதவை அடைத்துக் கூடும். சாட்சிகளை அழைத்து விசாரிக்கும். பொது மக்களின் மனுக்களையும் ஏற்கும். உடன்படாத அங்கத்தினர் தம் மாற்றுக் கருத்தை அறிக்கையுடன் இணைக்கலாம்.

2009 அக்டோபரில் மரபணு மாற்றிய கத்தரிக்கு நிபுணர் குழுவின் ஒப்புதல் கிடைத்தது. 2010 பிப்ரவரியில் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் அதனை நிறுத்தி வைத்தார். பாசுதேவ் ஆச்சாரியா தலைமையில் விவசாய நிலைக்குழு இப்பொருளை ஆராய்ந்து, 2012 ஆகஸ்டு 9ஆம் தேதி தன் அறிக்கையை அளித்தது. வயல் சோதனைகளை நிறுத்தி, ஆராய்ச்சியைக் கட்டுக்காவலுக்குள் நடத்துக என்று பல கட்சியினரும் ஒருமனதாகக் கூறினர்.

நுட்பமான விஞ்ஞானத்தில் பாமரரான அங்கத்தினர்க்கு என்ன வேலை என்பது ஒரு சாரார் வாதம். விதையை ஆக்குவோரும் அதன் பாதுகாப்பைச் சோதிப்போரும் ஒருவரேயாகலாகாது, அதனை மக்களின் பிரதிநிதிகளே கண்காணிக்கவேண்டும் என்பது மறுசாரார் வாதம். குழுவின் பரிந்துரை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவதன்று என்பதும் உண்மை. 2022இல் கடுகுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் இருவர் அவ்வொப்புதலைப் பற்றி மாறுபட்ட தீர்ப்பளித்தனர். எனினும் மரபணுப் பயிருக்கு ஒரு தேசியக் கொள்கை வகுக்கவேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

அக்கொள்கை உருவாகும்போது தீவு உழவர் வாளாவிருத்தலாகாது. நிலைக்குழு ஒரு பொருளை ஆராயும்போது பத்திரிகைகள் வாயிலாக மக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். வயலில் உப்பேறிய கதையையும், காட்டைப் பற்றிய அச்சத்தையும் எழுதி அனுப்பச் சட்டசபை தேவையில்லை. ஒரு தாளும் தபால் தலையுமே போதும்.