ஏறும்போது மூச்சு, இறங்கிய பிறகு தொடை: பழனி படிகளில் தசைக்கு என்ன நடக்கிறது?

சனிக்கிழமை பழனி. ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல்; வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் வரை ஒரு நடை, நாலு செல்ஃபி. இரவு பஸ் பிடித்து, திங்கள் காலை நேராக ஆபீஸ். அதுவரை உடம்பு ஒன்றும் சொல்லாது. மதியம் கேன்டீனுக்குப் படி இறங்கும்போதுதான் தொடை பிடித்து இழுக்கும். செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி இறங்க வேண்டியிருக்கும்.

"ஏறினது ஜாஸ்தி ஆயிடுச்சு போல" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் வலிக்குப் பெரும்பாலும் காரணம் ஏறியது அல்ல, இறங்கியது. ஏறும்போது நாக்குத் தள்ளியது, இறங்கும்போது பேசிக்கொண்டே வந்தோம். அப்புறம் எப்படி? தசை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தப் புதிர் அவிழும்.

நம் உடலில் எலும்போடு ஒட்டிய தசைகள் மட்டும் 600-க்கும் மேல். உடல் எடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் இவைதான். பழனி அடிவாரத்தில் முதல் படியில் கால் வைத்ததும் அதிகம் உழைப்பவை மூன்று: உடலிலேயே பெரிதான பிட்டத் தசை, தொடையின் முன்பக்கம் நான்கு பிரிவாக இருக்கும் குவாட்ரிசெப்ஸ், பிறகு கெண்டைக்கால். நாம் உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் இந்த மூன்றில் முதலாவது நாள் முழுக்க நாற்காலிக்கு மெத்தையாகத்தான் பயன்படுகிறது.

ஒரு தசையைப் பிரித்துக்கொண்டே போனால், தேர் வடம் மாதிரி இருக்கும். வடத்துக்குள் கயிறுகள், கயிறுக்குள் இழைகள், இழைக்குள் இன்னும் மெல்லிய நார்கள். அந்த நார் ஒவ்வொன்றும் ரயில் பெட்டிகள் போல வரிசையாகக் கோத்த குட்டிக் குட்டி அறைகளால் ஆனது. இந்த அறைக்கு சார்கோமியர் என்று பெயர். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 400-ல் ஒரு பங்கு. உள்ளே இரண்டு வகைப் புரத இழைகள்: மெல்லியது ஆக்டின், தடித்தது மயோசின். மயோசினில் நிறையக் குட்டித் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மூளையில் இருந்து நரம்பு வழியாகச் செய்தி வந்ததும் தசைக்குள் கால்சியம் வெளியாகும். உடனே அந்தத் தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுக்கும், விடும், அடுத்த இடத்தைப் பிடிக்கும். வடம் பிடிப்பவர்கள் கை மாற்றி மாற்றி இழுப்பது போலத்தான். ஒவ்வொரு முறை பிடியை விடவும் ஏ.டி.பி. என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவாகிறது.

இதில் யாரும் எதிர்பார்க்காத விஷயம், இழைகள் எதுவும் சுருங்குவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகின்றன, அதனால் மொத்தத் தசையும் குட்டையாகிறது. 1954-ல் இதை ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்து, நேச்சர் இதழில் அடுத்தடுத்த கட்டுரைகளாக வெளியிட்டன. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, மற்றதில் ஹியூ ஹக்ஸ்லி. ஒரே பெயர்தான், ஆனால் இருவரும் உறவினர்கள் அல்ல!

படி ஏறும்போது நடப்பது நேரடியானது. தொடைத் தசை சுருங்குகிறது, முழங்கால் நிமிர்கிறது, உடல் மேலே போகிறது. பழனியில் சுமார் 690 படிகள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரத்துக்குத் தன்னைத்தானே தூக்குகிறார். தசை தான் எரிப்பதில் ஏறக்குறைய கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பம். வியர்த்துக் கொட்டுவது அதனால்தான். இந்தக் கணக்குப்படி ஏறுவதற்கான செலவு 60 கலோரிக்குப் பக்கம், அதாவது ஓர் இட்லி. "படி ஏறியாச்சு, இனிமே பஞ்சாமிர்தம் எவ்ளோ வேணா சாப்பிடலாம்" என்பவர்கள் கவனிக்கவும்.

<b>இறங்குவது என்றால் பிரேக்</b>

இறங்கும்போது கதை தலைகீழ். முழங்கால் மடங்குகிறது, தொடைத் தசை நீள்கிறது. ஆனால் சும்மா நீள முடியாது. தளர விட்டால் உருண்டு விழுவோம். அதனால் மயோசின் தலைகள் பிடித்தபடியே இருக்க, உடல் எடை அந்தப் பிடியை இழுத்துப் பிரிக்கிறது. கொடைக்கானல் சாலையில் வத்தலக்குண்டு நோக்கி இறங்கும் லாரி கியரைக் குறைத்து, பிரேக் பிடித்துக்கொண்டே வருவதைப் போல. ஆக்ஸிலரேட்டருக்கு வேலை இல்லை, ஆனால் பிரேக் சூடாகும்.

பிரேக் பிடிக்க எரிபொருள் மிகக் குறைவு. 1952-ல் இங்கிலாந்தில் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இதை வேடிக்கையாகவே நிரூபித்தார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகாக வைத்து ஒரே செயினில் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலைத் தடுத்தால் போதும். இருவர் காலிலும் விசை ஒன்றுதான். ஆனாலும் தடுப்பவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் மிதிப்பவரைவிட மிகக் குறைவு. மிதித்து மிதித்து ஓர் ஆண் ஓய்ந்துபோக, எதிரே பிரேக் பிடித்த பெண் அலட்டிக்கொள்ளவே இல்லை.

காரணம், நீளும்போது தசை குறைவான இழைகளை வைத்தே அதிக எடையைத் தாங்கிவிடும். சிக்கலும் அங்கேதான். நாலு பேர் தாங்க வேண்டிய பாரத்தை இரண்டு பேர் தாங்கினால் யாருக்காவது தோள் பிசகும் அல்லவா? சில சார்கோமியர்கள் அளவுக்கு மீறி இழுபட்டு ஒழுங்கு குலைகின்றன. 1981-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சிலரைப் படியில் திரும்பத் திரும்ப இறங்கி ஓட வைத்து, கெண்டைக்காலில் இருந்து சிறு துணுக்கு எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நேர்கோடாக இருக்க வேண்டிய சார்கோமியர் எல்லைகள் கலைந்துபோய், அலை அலையாகத் தெரிந்தன.

உடைந்ததைச் சரி செய்ய உடல் ரத்த அணுக்களை அனுப்புகிறது, லேசாக வீங்குகிறது, அந்த இடத்து நரம்பு முனைகள் சின்னத் தொடுதலுக்கே கூச்சலிடுகின்றன. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அதனால்தான் வலி 12 மணி நேரம் கழித்து மெல்ல ஆரம்பித்து, இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போகிறது.

"லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு" என்று ஜிம்மில் சொல்வார்களே? அது தப்பு. கடும் உழைப்பில் உருவாகும் லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காது. 1983-ல் அமெரிக்காவில் டிரெட்மில்லைச் சமமாகவும் இறக்கமாகவும் வைத்து ஓட விட்டார்கள். சமமாக ஓடியபோது லாக்டேட் கூடியது, வலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியபோது லாக்டேட் கூடவில்லை, வலி வந்தது.

<b>வெள்ளகவிக்காரர்களுக்கு ஏன் வலிப்பதில்லை?</b>

டால்பின் நோஸுக்குக் கீழே வெள்ளகவி என்று ஒரு மலைக்கிராமம். பல தலைமுறைகளாக அந்த ஊர் மக்கள் அரிசி, பருப்பு எல்லாவற்றையும் தலைச்சுமையாகவும் குதிரை மேலும் ஏற்றி, காட்டுப் பாதையில் நடந்தே வாழ்ந்தவர்கள். நமக்கு ட்ரெக்கிங், அவர்களுக்குக் கடைக்குப் போய்வருவது. கொடைக்கானல் உருவானதே இப்படிப்பட்ட கால்களால்தான். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் மலைச்சாலை வரும்வரை, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் இருந்து கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்துக்கு வெள்ளைக்காரர்களையும் அவர்கள் பெட்டி படுக்கைகளையும் டோலியில் சுமந்து ஏறியவர்கள் நம் கூலித் தொழிலாளர்கள். ஏரியை வெட்டியவர், பங்களா கட்டியவர் என்று பெயர் சொல்லும் ஊரில் இவர்கள் பெயர் எங்கும் இல்லை.

அவர்களின் தசை வேறு ரகம் இல்லை. ஒரு முறை இறங்கி அடிபட்ட தசை, சரியாகும்போதே அடுத்த இறக்கத்துக்குத் தயாராகிவிடுகிறது. அதே தூரத்தை இரண்டு வாரம் கழித்து இறங்கினால் வலி பாதிகூட இருக்காது. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும்.

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மூன்று வாரம் முன்பிருந்தே, ஆபீஸில் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். ஆமாம், வழக்கமான அறிவுரைக்கு நேர் எதிர்தான். முதல் வாரம் ஐந்து மாடி, பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். ஸ்ட்ரெச்சிங் இந்த வலியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். படி இறங்கும்போது மூட்டில் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் பாரம் விழுகிறது. அவர்களுக்கு மலையில் விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கொடைக்கானலில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவு குறைகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். இதயமும் தசைதான், நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் தசை. தொடை ஓய்வு கேட்கும்; இதயம் கேட்க முடியாது.

அதனால் எந்த வலியைச் சும்மா விடலாம், எதை விடக்கூடாது என்பது முக்கியம். இரண்டு தொடையும் சமமாக வலித்து, நாலைந்து நாளில் குறைந்தால் கவலை இல்லை. மெதுவாக நடந்தாலே இளகும். ஏறும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால், "காவடி தூக்கின தோள் வலி" என்று சமாதானம் சொல்லாமல் அங்கேயே உட்கார்ந்து உதவி கேளுங்கள். நீண்ட பஸ் பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. பழக்கமே இல்லாத ஒருவர் வெயிலில், தண்ணீர் குடிக்காமல், அளவுக்கு மீறி நடந்தால் தசைச் செல்கள் உடைந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் அதை வடிகட்டத் திணறும். சிறுநீர் கோலா நிறத்தில், கறுப்பு டீ மாதிரி போகும். இது காத்திருக்கும் விஷயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. வழியில் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையை வெறும் வயிற்றில், நாக்கு வறண்ட நிலையில் போட்டுக்கொண்டே நடப்பதும் இதே சிறுநீரகத்துக்குத்தான் கூடுதல் சுமை. மாத்திரையைவிட மோர்ப் பந்தலில் பத்து நிமிடம் உட்கார்வது மேல்.