நெடுந்தொலைவு ஓட்டமும் நித்தியக் கடமைகளும்

மாட்டுங்காவில் வாழும் தமிழன்பர் ஒருவர், வைகறை நான்கரை மணிக்கு ஐந்து தோட்டங்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே சைக்கிளில் வரும் பால்காரர், “யாரைப் பிடிக்க இந்த ஓட்டம்?” என்று வினவினால், அவர் என்ன விடை கூறுவார்? யாரையும் பிடிப்பதற்கன்று, தைத் திங்களில் நடைபெறும் மாரத்தான் ஓட்டத்திற்காகவே அவர் ஆயத்தமாகிறார்.

மும்பையில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வோட்டம், இடையில் பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, தொடர்ந்து நடைபெற்று வருகிறது. இதன் தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தொலைவே, 1921இல் உலகெங்கும் பொது அளவாக ஏற்கப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. லட்சுமணன், 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். அத்தகைய வீரருக்கு ஓட்டமே வாழ்வின் முதற்பணி. நமக்கோ அலுவலகம், மின்சார ரயில், குழந்தைகளின் பள்ளி எனப் பணிகள் பல. அவற்றினூடே இப்பயிற்சியை எங்ஙனம் அமைத்துக்கொள்வது என்பதே கேள்வி.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். புரட்டாசி பிறக்கும்போது தொடங்கினால், ஏறத்தாழ 18 வாரங்கள் கிடைக்கும். புரட்டாசியில் மழை முற்றிலும் விட்டிருக்காது. நனைந்த காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் மறுநாளைக்கு உலர்ந்துவிடும். ஐப்பசியில் மும்பையின் புழுக்கம் நம்மைச் சோதிக்கும். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அது உலராமல் வழிந்தோடும்; உடலின் சூடு தணியாது. ஆகவே அக்காலத்தில் வேகத்தைக் குறைப்பது கோழைத்தனமன்று, அறிவுடைமையே. மார்கழியின் குளிர்ந்த வைகறையே நீண்ட ஓட்டங்களுக்கு உகந்த வேளை. மார்கழியில் இருள் பிரியுமுன் எழுவது நம்மவர்க்குப் புதிய பழக்கமுமன்று.

வாரத்தில் நான்கு நாள் ஓடினால் போதும். அவற்றில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். தாராவியின் தொண்ணூறடிச் சாலையானாலும், செம்பூரின் டயமண்ட் தோட்டத்துச் சுற்றுப்புறமானாலும், வண்டிகள் பெருகுமுன் ஓடி முடித்தல் நன்று. உடன் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுவே சரியான வேகம். தூரத்தைச் சிறுகச் சிறுகவே கூட்ட வேண்டும். நெஞ்சும் மூச்சும் விரைவில் பழகிவிடும்; எலும்பும் தசைநாரும் அவ்வளவு விரைவாகப் பழகுவதில்லை. அவசரப்பட்டோர் நொண்டுவதற்குக் காரணம் இதுவே.

இனி, இல்லத்திற்கு வருவோம். ஒரே அறையில் ஐவர் உறங்கும் வீட்டில் ஒருவர் நான்கு மணிக்கு எழுந்தால், மற்ற நால்வரின் உறக்கம் என்னாவது? குழாயில் தண்ணீர் வரும் நேரமும், அவர் ஓடும் நேரமும் ஒன்றாக இருந்தால், குடம் நிரப்பும் சுமை யார் தலையில் விழும்? இவற்றை எண்ணாமல் மேற்கொள்ளும் பயிற்சி, ஒருவர் பெருமைக்காகப் பிறர் உழைப்பைக் கடன் வாங்குவதாகும். உடையையும் காலணியையும் இரவே வாயிலருகில் எடுத்து வைக்கலாம். தண்ணீர் வரும் நாளில் முதலில் குடம், பிறகு ஓட்டம் என்று கொள்ளலாம். இல்லத்தரசியும் ஓட விரும்பினால், நாள்களைப் பகிர்ந்துகொள்ளலாம். இரவு ஒன்பதரைக்கே உறங்கும் பழக்கம் வீடு முழுவதற்கும் நன்மை தரும்.

ஆகாரத்திலும் விந்தை எதுவுமில்லை. ஓடுமுன் ஒரு வாழைப்பழம். ஓடியபின் இட்லியோ தயிர்ச்சோறோ, பருப்போடு கூடிய உணவோ ஏற்றது. உப்பிட்ட நீர்மோர் சிறந்த பானம். தாகமின்றி வெறும் நீரை அளவுக்கு மீறிப் பருகினால், இரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். தாகமறிந்து பருகுவதே முறை.

கடைசி இரண்டு மூன்று வாரங்கள் ஓட்டத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வளிக்க வேண்டும். மும்பை ஓட்டம் பெரும்பாலும் ஜனவரி மூன்றாம் ஞாயிறன்று, அதாவது பொங்கலையொட்டி வருகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் சர்க்கரை, ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் குறைந்துவிடும். அச்சேமிப்பை நிரப்ப அரிசியும் வெல்லமும் உதவுமாதலால், பொங்கற்பானை இங்கே ஓட்டக்காரருக்குத் துணையாகிறது. எனினும் நெய்யில் அளவு வேண்டும். திரும்பும் வழியில், கால்கள் சோர்ந்தபின் எதிர்ப்படும் பெடர் சாலையின் ஏற்றம், நான்கு மாத உழைப்பை அளந்து காட்டிவிடும்.

ஒன்றை மறத்தல் கூடாது. நாற்பது வயதைக் கடந்தோரும், நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோரும் மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்க வேண்டும். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால், அக்கணமே நின்றுவிட வேண்டும். அடுத்த ஆண்டும் தை பிறக்கும், ஓட்டமும் வரும். அன்று காலை நம்மை வழியனுப்பிய வீட்டார், நம்மை நலமுடன் வரவேற்க வேண்டும் என்பதே இப்பயிற்சியின் முடிவான இலக்கு.